வேர் இல்லாத வாரங்கள்

அந்த அம்மா கடைக்கு வந்தால் முதலில் ஒயர்கூடையைக் கீழே வைப்பார். அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய மல்லாட்டைச் செடி ஒன்று வேரோடும் மண்ணோடும் இருக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். துணியைப் பிரித்து, வேரில் கடுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் முடிச்சுகளில் ஒன்றைக் கிள்ளியெடுத்து, கட்டைவிரல் நகத்தால் இரண்டாகப் பிளந்து என் மேசைமேல் வைப்பார். உள்ளே சிவந்திருக்கும்.

"பாத்துக்குங்க கடைக்காரம்மா. ரத்தம் ஓடுது."

பார்த்தேன் என்று நான் சொன்ன பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார். அது பெரும்பாலும் சின்னக் காரியமாக இருக்கும். விதையில் கலக்கும் நுண்ணுயிர்ப் பொட்டலம், அல்லது மண்வெட்டிக்கு ஒரு பிடி. ஆரணியில் உரக்கடை வைத்திருக்கும் எங்களிடம் வந்து, மல்லாட்டைக்குப் பின் நட்ட நெல்லுக்கு யூரியா வாங்காமல் போகிற ஒரே ஆள் அவர்தான்.

அவரைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நிலத்தை விட்டுவிட்டுத் தெள்ளார் பக்கம் மகளோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இத்தனை காலம் அவரை நான் அதிகம் நினைத்ததில்லை. இப்போது நினைக்காத நாளில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் உள்ளறையில் இருக்கிறான். வாசல் கிரில் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் சென்னையில் இரண்டாம் வருடம் படிக்கிறான். போன மாதம் ஒருநாள் கைப்பேசியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு விடுதியிலிருந்து எங்கோ போய்விட்டான். நானும் என் கணவரும் தேடிய தேடலை எழுத என்னால் இன்னும் முடியவில்லை. கடைசியில் அவனே விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடைக்காரரின் போனிலிருந்து பேசினான். "நான் நல்லாத்தாம்மா இருக்கேன். மூச்சு முட்டுச்சு, அதான்." அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு வந்தோம். வந்த அன்றே அவன் அறையின் உள்தாழ்ப்பாளை என் கணவர் கழற்றினார். வாசலைப் பூட்டியது நான். அவன் சாவியைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு இருபுறமும் தறிவீடுகள். பகலெல்லாம் சுவர் அதிரும். சாப்பாட்டு நேரத்தில் தறி நிற்கும்போது மட்டும் அவன் அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்கும், அவன் புரண்டு படுப்பது கேட்கும். அந்தச் சத்தத்துக்காக நான் தினமும் காத்திருக்கிறேன். கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கதவின் உள்பக்கம் இருக்கும் இரண்டு பேரில் யார் அடைபட்டவர் என்று சில நேரம் எனக்கே தெரிவதில்லை.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். அவரிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான், எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று. உள்ளாற கீதுங்க. பயிர் வெளுத்திருக்கிறதே என்றால் உள்ளாற கீதுங்க. இந்த வருடம் எருப் போடவில்லையா என்றால் உள்ளாற கீதுங்க. பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது, குடை கொண்டுவந்தீர்களா என்றால்கூடக் கூடையைத் தட்டிக் காட்டி அதையே சொல்வார். என் கணவர் அவர் இல்லாதபோது அவரை உள்ளாற அம்மா என்றுதான் குறிப்பிடுவார்.

நான் தாவரவியல் படித்தவள். அந்த வார்த்தையில் பாதி உண்மை இருப்பது எனக்குத் தெரியும். காற்றில் இருக்கும் தழைச்சத்தை நெல்லால் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. மல்லாட்டை, உளுந்து, காராமணி போன்றவற்றின் வேர்முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர் அதைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அப்படிச் சேர்ந்ததில் பெரும்பங்கு பருப்புக்குள் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். மிச்சம் கொடியிலும் இலையிலும் வேரிலும் இருக்கும். அது மண்ணில் மக்கினால், அடுத்து வரும் நெல் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். இன்னொரு பகுதி மண்ணோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக வரும் வருடங்களுக்குப் போகும்.

இதில் எல்லோரும் மறப்பது கொடியைத்தான். மல்லாட்டை போட்ட நிலம், சத்து தானாக இருக்கும் என்பார்கள். கொடியை மாட்டுக்குப் போட்டுவிட்டு, வெறும் வேரை மட்டும் நிலத்துக்கு விட்டுவிட்டு அப்படிச் சொல்வார்கள். அந்த அம்மா கொடியை விடமாட்டார். அதனால்தான் அவர் ஊரில் அவருக்கு வருடாவருடம் ஒரு சண்டை இருந்தது.

பெரணமல்லூர் சாலையில் உள்ள ஊர் அது. அங்கே செடி பிடுங்கிக் காய் ஆய வருகிற பெண்கள், போகும்போது ஆளுக்கு ஒரு தலைச்சுமை கொடி கட்டிக்கொண்டு போவது வழக்கம். கூலி தனி, கொடி தனி. இந்த அம்மா கூலியைக் கூட்டிக் கொடுத்தாரே தவிர கொடியைத் தொட விடவில்லை. நான் ஒரு தடவை நுண்ணுயிர்ப் பொட்டலத்தின் பலனைப் பார்க்க அவர் நிலத்துக்குப் போயிருந்தபோது அந்தச் சண்டை நடந்தது. களத்தில் குவித்த கொடியைத் திரும்ப நிலத்தில் பரப்பிவிட்டு, டிராக்டர் வரக் காத்திருந்தார். காய் ஆய்ந்த பெண்களில் வாய்க்காரி ஒருத்தி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாம்மா இது, மாட்டு வாய்க்குப் போறத மண்ணுல பொதைக்கிற? எங்கூட்டு மாடு உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?"

"உன் மாடு தின்னா சாணி உன் எருக்குழிக்குப் போவும். அத எனக்குக் கொண்டாந்து குடுப்பியா?"

"கேட்டா குடுப்பேன். நீதான் யாரையும் எதையும் கேக்கமாட்டியே."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும்தான். அடுத்த வருடத்திலிருந்து வரப்போரமாகச் சோளம் விதைத்து, தட்டையை அந்தப் பெண்களின் மாடுகளுக்கென்று விட்டுவிட்டார். அதையும் அவர் சொல்லிச் செய்யவில்லை. அவர்களாக வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார், அவர்களும் வெட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்த வாய்க்காரி சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. அவர் உண்மையிலேயே யாரையும் எதையும் கேட்கமாட்டார்.

அன்று மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டேன். சோறும் குழம்பும் ஒரு பொரியலும். என் முன்னால் தட்டை வைத்து, பாத்திரங்களை என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் விருந்தாளி தட்டைக் கையால் மூடினாலும் விரலிடுக்கில் சோற்றைத் தள்ளிவிடுவோம். நான் அரைவயிற்றோடு கை கழுவினேன். பஸ்ஸில் வரும்போது கோபமாக வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கஞ்சத்தனம் எதுவும் செய்யவில்லை. பானை நிறையச் சோறு என் பக்கத்தில்தான் இருந்தது. எனக்குத்தான் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

நெல் நட்ட பிறகு அவர் இன்னும் மோசம். நடவு முடிந்த முதல் சில வாரங்களில் சுற்றியிருக்கும் நிலமெல்லாம் மேலுரம் வாங்கிக் கருகருவென்று நிற்கும். இவருடையது மட்டும் வெளிறிக் கிடக்கும். எனக்குப் பொறுக்காது. வேளாண்துறையில் கொடுக்கும் இலை வண்ண அட்டை ஒன்று என்னிடம் இருந்தது. பச்சையில் வெளிறியது முதல் அடர்ந்தது வரை பட்டைபட்டையாக இருக்கும். நெல் இலையை அதன்மேல் வைத்து எந்தப் பச்சையோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, போதாது என்றால் உரம் போடவேண்டும். அதை எடுத்துக்கொண்டு போனேன். நான் குனிந்து இலையை வைத்துப் பார்ப்பதை அவர் வரப்பில் நின்று பார்த்தார்.

"இன்னா கடைக்காரம்மா, பட்டுக்குச் சாயம் பாக்குறீங்களா? முந்தானைக்கு எந்தப் பச்ச?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவில் சாயக்காரர்கள் நூல் நிற அட்டையை இப்படித்தான் வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள். ஆனால் அட்டை போதாது என்றுதான் சொன்னது, நானும் சொன்னேன். அவர் மண்ணைக் காலால் அழுத்திக் காட்டினார். உள்ளாற கீதுங்க, கொடி இப்பத்தான் மக்குது, வேரு போய் எடுத்துக்கும் என்றார். கொஞ்ச நாள் கழித்து நான் போனபோது அந்த நிலத்தில் அவர் சொன்னபடியே பச்சை ஏறியிருந்தது. அவசரமில்லாத ஒரு பச்சை. மற்றவை பழுக்கத் தொடங்கிய பிறகும் சில நாள் தங்கிய பச்சை.

பக்கத்து நிலத்துக்காரர் அந்த வருடம் இவரைப் பார்த்துத் தானும் கொடியை மடக்கி உழுதிருந்தார். ஆனால் பயம். கொடி போதுமோ போதாதோ என்று, வழக்கமான யூரியாவையும் குறைக்காமல் போட்டார். பயிர் இடுப்புக்கு மேல் வளர்ந்தது. போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் ஒரு காற்றும் மழையும் வந்தது. மொத்தமும் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்த கதிரை அவர் ஒவ்வொரு கைப்பிடியாக நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் மேல் எனக்கு ஏளனம் எதுவும் வரவில்லை. அவர் செய்ததைத்தான் நானும் செய்திருப்பேன்.

செய்தும் இருக்கிறேன். விடுதிக்குப் போன புதிதில் என் மகனே கேலியாகச் சொல்வான். போனில் நான் காலையில் பேசுவேன், சாப்பிடும் நேரத்தில் பேசுவேன், சாயங்காலம் பேசுவேன். அவன் கடையில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன். "அம்மா, மேலுரம் இப்பத்தான போட்ட. கொஞ்சம் ஊறட்டும் விடு," என்பான். அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன், மறுபடியும் போன் செய்வேன்.

அந்த அம்மாவைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அது சரியாக இருக்காது. அவரிடம் எனக்குப் பயமும் இருந்தது. அவருக்கு ஒரே மகள். கணவர் இறந்தபின் அந்தப் பெண்ணையும் நிலத்தையும் வைத்துக்கொண்டுதான் இருந்தார். பெண் படிப்பு முடித்துச் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ் சாலை முனையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஷிப்டு முடிந்து இறக்கிவிடும்.

ஒரு ஆடி மாதம், செடி பிடுங்கிக் கொடியை உழுது மடக்கிய சமயம், அவள் நடு ஷிப்டில் வீட்டுக்கு வந்துவிட்டாள். பையை மூலையில் வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் பஸ் வந்து ஒலி எழுப்பிவிட்டுப் போனது. அடுத்த நாளும் எழுப்பியது. பிறகு நிற்பதை விட்டுவிட்டது. அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

இதை அவர் என்னிடம் சொன்னது பொட்டலம் வாங்க வந்தபோது, பேச்சோடு பேச்சாக. என்ன நடந்தது, யாராவது ஏதாவது சொன்னார்களா, கேட்டீர்களா என்று நான் அடுக்கினேன். அவர் மேசைமேல் கிடந்த மண்ணைப் புறங்கையால் துடைத்தார்.

"உள்ளாற கீதுங்க. தானா வரும்."

நான் அன்று வீட்டுக்குப் போய், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகனை உட்காரவைத்துப் பேனாவில் மை தீர்ந்ததுவரை விசாரித்தேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

அந்த வருடம்தான் நிலமும் ஏமாற்றியது. வழக்கமாக அவர் கணக்கு ஒன்று உண்டு. கொடியை மடக்குவதற்கு முன்பே நாற்றங்கால் விட்டுவிடுவார். கொடி மக்கத் தொடங்குவதற்கும் நாற்று நடுவதற்கும் சரியாக இருக்கும். அந்தத் தடவை நாற்றங்காலில் விதை தூவிய அன்றே பெருமழை அடித்து, விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி அழுகிவிட்டது. மறுபடி விதை ஊறவைத்து, முளைகட்டி, தூவி, அது வளரும்வரை நிலம் உழுதது உழுதபடி வெறுமையாகக் கிடந்தது. மழை பெய்தது. காய்ந்தது. மறுபடி பெய்து தண்ணீர் நின்றது. வடிந்தது. மறுபடி பெய்தது.

நான் சொல்லிப் பார்த்தேன். யாரிடமாவது நாற்று வாங்கி நட்டுவிடுங்கள் அக்கா, அல்லது பசுந்தாளுக்குச் சணப்பாவது தூவி வையுங்கள், நிலம் சும்மா கிடக்கக்கூடாது என்றேன். இதைப் படித்திருந்தேன், சொந்தமாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கொடி மக்கும்போது அதிலிருந்து இறங்குகிற சத்து, ஈரமும் காற்றும் மாறிமாறி வருகிற மண்ணில் கரைகிற வடிவத்துக்கு மாறிவிடும். அந்த நேரத்தில் எடுத்துக்கொள்ள வேர் இருந்தால் வேருக்குப் போகும். இல்லையென்றால் மழையோடு கீழே இறங்கிவிடும், தண்ணீர் தேங்கினால் காற்றோடு போய்விடும். மேலே நின்று பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. மண் அதே கறுப்பாகத்தான் இருக்கும்.

எங்க போவுது, உள்ளாறதான கீது என்றார். எனக்கும் அதற்குமேல் வற்புறுத்தத் தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தவர்.

நாற்று வளர்ந்து நட்டார். பயிர் வெளுத்திருந்தது. அது புதிதில்லை. அவர் காத்திருந்தார். மற்ற வருடங்களில் பச்சை ஏறும் நாள் வந்தது, போனது. இலை நுனியிலிருந்து மஞ்சள் இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் புதுத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டவேண்டிய பருவத்தில் ஒவ்வொரு குத்தும் நட்டபடியே ஒல்லியாக நின்றது. அவர் இன்னும் காத்திருந்தார். வீட்டுக்குள் பெண் சுவர்ப்பக்கம் திரும்பியே இருந்தாள். நான் நிலத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப்பார்த்த அன்று, அவள் தலைமுடி சிக்குப்பிடித்துக் கிடந்தது. பக்கத்தில் சோற்றுப் பாத்திரம் கைக்கு எட்டும் தூரத்தில், எனக்கு வைத்ததைப் போலவே இருந்தது. மூடியைத் திறந்த அடையாளம் இல்லை.

அதற்குப் பின் ஒருநாள் காலையில் கடை திறந்த கையோடு அவர் வந்தார். கூடையைக் கீழே வைக்கவில்லை. கூடையே கொண்டுவரவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து, யூரியா கொடுங்கள் என்றார். யாருக்கு என்று கேட்டேன், வேறு யாருக்காவது வாங்கிப்போகிறார் என்று நினைத்து. எனக்குத்தான் என்றார். என் கணவர் எடைபோடப் போனார். அந்த அம்மா நிலத்தைப் பற்றிப் பேசவில்லை.

"நேத்து கேட்டேங்க," என்றார்.

"யாரை?"

"பொண்ணத்தான். இன்னாடி ஆச்சின்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சான்னா."

தறிகள் ஓடத் தொடங்காத நேரம். தெரு அமைதியாக இருந்தது. அவரே பேசினார், யாருக்கோ பதில் சொல்வதுபோல. உள்ளே இருந்தது இருந்ததுதான், அது பொய்யில்லை. ஆனால் எடுக்க வேர் இல்லாத நேரத்தில் அது நிற்காது, போயிடும் என்றார். நான் போகவே போகாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார். அவர் நெல்லைச் சொன்னாரா பெண்ணைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டையும்தான் சொன்னார்.

யூரியா போட்ட நிலம் பச்சையானது. ஆனால் தூர் கட்டும் பருவம் திரும்பி வராது. இருந்த குத்துகளில் கதிர் வந்தது, அவ்வளவுதான். பெண் விஷயம் அதைவிட மெதுவாக நகர்ந்தது. கம்பெனியில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று அந்த அம்மா என்னிடம் சொல்லவில்லை. மகள் தன்னிடம் முழுதாகச் சொல்லிவிட்டாள், அது தன்னோடு இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். நான் மறுபடி போனபோது அந்தப் பெண் நிலத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வேலை ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மா களை பறித்துக்கொண்டே, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து அவளிடம் ஏதாவது கேட்டார். தண்ணி வேணுமா, வெயில் ஏறுது தள்ளி ஒக்கார்றியா, ஊட்டுக்குப் போலாமா. பெரும்பாலும் அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கேட்பது அவருக்கு வரவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. செருப்பு மாற்றிப் போட்டவர் நடப்பதுபோல ஒவ்வொரு கேள்வியும் இடறியது. ஆனாலும் கேட்டார். பிற்பாடு அந்தப் பெண் ஆரணியிலேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கடை வழியாகப் போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைப்பாள்.

அவரிடம் இல்லாதது என்னிடம் நிறைய இருந்தது, அதனால் நான் நல்ல தாய் என்று அந்த நாட்களில் நினைத்துக்கொண்டேன். இப்போது கூடத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். இந்த ஒரு மாதமாக என் மகனிடம் நான் பேசாத நேரமில்லை. குளிச்சியா, தலை வலிக்குதா, பால் குடிக்கிறியா, காலேஜ மாத்திக்கலாம், அப்பாகிட்ட சொல்லிட்டேன், டாக்டர்கிட்ட பேசியிருக்கேன். எதற்கும் அவன் பதில் சொல்லும்வரை நான் நின்றதில்லை. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைப் போட்டிருக்கிறேன். அந்த அம்மா கேட்கவே இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஆனால் என்னுடையதில் கேள்வி என்று ஒன்றுகூட இல்லை.

இதை எண்ணிய மறுநாள் காலை தெருவில் பாவு விரித்தார்கள். பட்டு நூலை நீளத்துக்குக் கட்டி இழுத்துத் தெருவை அடைத்துவிட்டால் வண்டிகள் வராது, பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். தறிகளும் இன்னும் தொடங்கவில்லை. அறைக்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நான் தட்டினேன். தாழ்ப்பாள் இல்லாத கதவைத் தட்டுவது எனக்கே விநோதமாக இருந்தது. அவன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எப்போதும்போல் என் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தான், சாவி இருக்கும் இடத்தை.

"வெளிய போகணும்னு இருக்குதா?" என்றேன்.

அடுத்த வார்த்தை என் நாக்கில் நின்றது. டிபன் சாப்பிட்டுட்டுப் போலாம், தொப்பி எடுத்துக்கோ, அப்பா வண்டியில கூட்டிக்கினு போவாரு. எல்லாம் நின்றது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. தெருவில் யாரோ நூல் அறுந்ததற்கு யாரையோ திட்டினார்.

"எங்க?" என்றான் கடைசியில்.

"நீதான் சொல்லணும்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "ஏரிக்கரை."

மறுபடியும் நிறைய வந்தது. ஏரியில் தண்ணீர், படிக்கட்டில் பாசி, நீச்சல் தெரியாது, அவன் தனியாக. வந்த எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் எடுத்தேன்.

"நானும் வரட்டுமா?"

அவன் இதற்கு உடனே பதில் சொல்லிவிடுவான், வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். இந்த ஒரு மாதத்தில் அவன் முகத்தில் ஒரு யோசனை போவதை அப்போதுதான் பார்த்தேன்.

"வா. ஆனா பேசாத."

கிரில் கதவைத் திறந்தேன். தெரு முழுக்கப் பாவு. மாம்பழ நிறம், இடுப்பு உயரத்தில், முனையிலிருந்து முனைவரை இழுத்துக் கட்டியிருந்தது. சுவரோரமாக ஒருவர்பின் ஒருவராகத்தான் போகமுடியும். அவன் முன்னால் போனான். பக்கத்துத் தறிக்காரர் நூலை நீவிக்கொண்டே நிமிர்ந்தார். "இன்னா தம்பி, எப்ப வந்த?" என்றார். அவனுக்காக நான் பதில் சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

"வந்து கொஞ்ச நாளாச்சுண்ணா," என்றான் அவன்.

தெருமுனைக்கு வந்துவிட்டோம். அங்கே பாவு முடிந்து அகலமான ரோடு வருகிறது, இனிமேல் பக்கத்தில் நடக்கலாம். நான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இல்லை. பூட்டிலேயே தொங்குகிறது. கதவும் அகலத் திறந்தபடி இருக்கிறது. உள்ளே எங்கள் பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. சொல்லலாம் என்று அவன் பக்கம் திரும்பினேன். பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். அவன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான். நான் வேகமாக நடந்தேன்.